டொராண்டோ ஸ்கார்பரோவில் அப்பாவின் பகல் பொழுது: உதவி தேவை

அப்பாவுக்கு 68 வயது, திருநெல்வேலியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அம்மா போன பிறகு, மே மாதம் சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்ட நாள் தங்கக் கனடா தரும் வருகை விசா) எங்களிடம் வந்துவிட்டார். 5 வருடம் வரை தங்கலாம், சம்பள வேலைக்குப் போக முடியாது.

கோடையில் நடந்தார், கத்தரியும் மிளகாயும் போட்டார். நவம்பர் குளிரில் எல்லாம் நின்றது. நாங்கள் வேலையிலிருந்து திரும்ப மாலை 6 ஆகிறது. பகலெல்லாம் தூக்கம், இரவில் விழிப்பு, சாப்பாடும் குறைந்துவிட்டது.

டாக்டரிடம் காட்டினோம், உடம்பில் குறையில்லை. நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் எடுத்துத் தந்தோம். முதியோர் மன்றத்துக்கும் போனார், சீட்டாட்டம் பிடிக்கவில்லை. பேத்திக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்த அன்று மட்டும் முகம் அப்படி மலர்ந்தது! அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

வார நாட்களில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் தன்னார்வப் பணி அவருக்கு எங்கே கிடைக்கும்?