ஹிஸ்டரெக்டமி: ‘முழு’ என்றால் எது முழுசு?

நண்பர்களே,

ஹிஸ்டரெக்டமி அறுவையின் வகைகளைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே பேச்சு. ‘கருப்பை நீக்கம்’ என்ற தலைச்சொல்லில் யாருக்கும் மறுப்பில்லை. ‘டோட்டல்’ என்பதை ‘முழு’ என்று எழுதும்போதுதான் சிக்கல். அறுவை மருத்துவர் ‘டோட்டல்’ என்று சொல்வது கருப்பையோடு அதன் கழுத்தையும் எடுப்பதை மட்டுமே. சூலகம் கணக்கில் இல்லை. படிப்பவரோ எல்லாமே போயிற்று என்று எடுத்துக்கொள்கிறார். சூலகம் இருந்தால் மாதவிடாய் நிற்கும், ஹார்மோன் சுரப்பு நிற்காது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே இரண்டு சூலகத்தையும் எடுத்தால் சில நாளிலேயே திடீர் வெக்கையும் வியர்வையும், பின்னாளில் எலும்பு மெலிவும் வரக்கூடும்.

முன்மொழிவு: கழுத்தை விட்டுவிட்டு எடுக்கும் சப்டோட்டலுக்குக் ‘கழுத்தொழி கருப்பை நீக்கம்’, டோட்டலுக்குக் ‘கழுத்தொடு கருப்பை நீக்கம்’. ரேடிகலில் பக்கத் திசுவும் யோனியின் மேற்பகுதியும் சேர்ந்தே போவதால் ‘சூழ்திசுவொடு கருப்பை நீக்கம்’. சூலக நீக்கம், கருக்குழாய் நீக்கம் தனிச்சொற்கள். செய்திருந்தால் மட்டும் கூட்டி எழுதலாம்.

* * *

> கழுத்தொழி கருப்பை நீக்கம்

ஐயா, ‘ஒழி’ ஆபத்து. கழுத்தை ஒழித்தாயிற்று என்றே படிப்பார்கள், பொருள் தலைகீழ். ‘கழுத்து’ம் வேண்டாம், அதே பகுதியைத்தான் ‘வாய்’ என்கிறோம். ‘கருப்பை வாய்ப் புற்றுநோய்’ ஏற்கெனவே ஊரறிந்த சொல். வாய் எஞ்சியவர் அந்தப் புற்றைத் தேடும் பாப் பரிசோதனையைத் தொடர வேண்டும். அறிக்கையில் ‘வாய்’ கண்ணில் பட்டால்தான் அது உறைக்கும். உட்சவ்வு கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மாதாமாதம் லேசான கசிவும் வரலாம். ‘வாய்விட்ட’ என்று போட்டுப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. ‘வாய் காத்த கருப்பை நீக்கம்’, ‘வாயொடு கருப்பை நீக்கம்’ எப்படி?

ஹிஸ்டராட்டமியையும் நீக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அது கீறல் மட்டுமே. சிசேரியனில் கருப்பையைத் திறப்பது அதுதான். நார்க்கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமியிலும் கருப்பை அப்படியே இருக்கும். அதற்கு ‘நார்க்கட்டி நீக்கம்’ போதும்.

* * *

‘வாய் காத்த’ எனக்கும் சரி. காரணத்தையும் பெயரோடு சேர்த்து எழுதுவோம்: நார்க்கட்டி, மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கு, அடியிறக்கம் (கருப்பை கீழிறங்குவது), புற்று, பேறுகாலப் பெரும் உதிரப்போக்கு. கடைசியதில் உயிர் காக்க அவசரமாகச் செய்வது. மற்ற பலவற்றில் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் எனப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்று: சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யூரிட்டரைச் ‘சிறுநீர்க்குழாய்’ என்றால், பையிலிருந்து வெளியே போகும் யூரித்ராவோடு குழம்பும். கருப்பை வாய்க்கு ஏறக்குறைய 2 செ.மீ. பக்கத்தில், கருப்பைத் தமனிக்கு அடியில் ஓடுவது யூரிட்டர். தமனியைக் கவ்வும்போது அதுவும் கவ்வியில் மாட்டினால் விலாவலி, காய்ச்சல், யோனி வழியே சிறுநீர்க் கசிவு. அறுவையின் சிக்கல்களைச் சொல்லும் பகுதியில் எந்தக் குழாய் என்று தெரிய வேண்டும். யூரிட்டருக்குச் ‘சிறுநீரக நாளம்’, யூரித்ராவுக்குச் ‘சிறுநீர்ப் புறவழி’ என்று வைத்துக்கொள்ளலாமா?