பேரே உவமையாகிப் போன புலவர்கள்: உங்களை விடாத வரி எது?

கழைக்காடு
குறுந்தொகை 54, பாடினவர் மீனெறி தூண்டிலார். நான் இங்கே இருக்கேன், என் நலன் அவனோட அங்கேயே போயிருச்சுங்கிறா தலைவி. நடுவுல அந்த மூங்கில். தினைக் காவலர் கவண் சத்தம் கேட்டு யானை வெருளுது, வளைச்சுப் பிடிச்சிருந்த பசுங்கழையை விட்டுடுது. மீன் சிக்கினதும் சுண்டித் தூக்குற தூண்டில் மாதிரி கழை விருட்டுன்னு மேல போகுது. பாட்டுல பெரிய உருவம் யானைதான், ஆனா புலவருக்குப் பேர் தூண்டில்ல இருந்து வந்திருக்கு! மலைப் பாட்டுக்குள்ள நீர்க்கரைச் சாமான் எப்படி வந்துச்சு? தூண்டிலோட சுண்டலைக் கண்ணால பார்க்காதவருக்கு இது தோணியிருக்காது. 74லயும் இதே காட்சிதான். விட்ட குதிரையார் அதே யானையைப் பார்த்துட்டு குதிரைப் பாய்ச்சல்னு எழுதிட்டார்.

ஓலைக்கட்டு
74ல யானையே கிடையாதுங்க. விட்ட குதிரையோட விசைப்புன்னு தொடங்கி நேரா வானம் தொடுற கழைக்குப் போயிடும். வளைச்சது யாருன்னு பாட்டு சொல்லலை. 54ஐ மனசுல வச்சுக்கிட்டு 74 படிக்கிறதால வர்ற யானை அது.

அப்புறம், மூங்கில், யானை, தினை எல்லாம் குறிஞ்சிக்குரிய கருப்பொருள், அதாவது மலைநிலப் பாட்டுல மரபா வர்ற பொருள்கள். மலையே ஏறாத புலவரும் மரபுல இருந்து எடுத்து வைக்கலாம். அதனால கண்ணால பார்த்தார்னு சாட்சி சொல்ல மூங்கில் போதாது. அவர் சொந்தமா கொண்டு வந்தது எதுன்னு உவமையிலதான் தேடணும். இயற்பேர் கிடைக்காத புலவருக்குப் பாட்டுத் தொடரையே பேராக்கினவங்களும் பல இடத்துல அங்கேதான் கை வச்சிருக்காங்க.

புன்செய்மேடு
குறுந்தொகை 131, ஓரேருழவனார். இதுக்கு வேளாண்மை தெரியணும். ஊருக்குத் திரும்புற தலைவனோட நெஞ்சு, ஈரம் பட்ட செவ்வியில இருக்கிற புனத்துல ஒரே ஏர் வச்சிருக்கிறவன் மாதிரி பதறுது. 'செவ்வி'ங்கிறது நாம சொல்ற பதம். மண்ணைப் பிடிச்சு உருட்டி இடுப்பு உயரத்துல இருந்து போட்டா உதிரணும். உதிராம கட்டியாவே கிடந்தா ஈரம் ஜாஸ்தி, அப்ப உழுதா கொழுவுல, அதான் கலப்பையோட இரும்பு முனையில, அப்பும், பெயர்ற கட்டி காய்ஞ்சு கல்லாகும். விட்டுட்டா மேல்மண் இறுகிடும், கொழு இறங்காது. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நாள்தான். நாட்டுக் கலப்பையில ஒரு ஜோடி மாடு ஒரு நாள்ல ஒரு ஏக்கர் முடிக்கிறதே பெரிசு. நாலு ஏர்க்காரன் பதற மாட்டான். அந்த 'ஓர்'லதான் மொத்த அவசரமும் இருக்கு.

முப்புரி
நற்றிணை 284, தேய்புரிப் பழங்கயிற்றினார். அவகிட்டப் போன்னு நெஞ்சு சொல்லுது, வினையை முடின்னு அறிவு சொல்லுது. ரெண்டு களிறு எதிரெதிரா இழுக்கிற பழங்கயிறாட்டம் உடம்பு. கயிறு அறுந்துச்சுன்னு எழுதலை, புரி, அதாவது கயிறு முறுக்கின இழை, தேய்ஞ்சதுன்னு எழுதியிருக்கார். ஒரு புரி தேய்ஞ்சா அதோட பாரம் மத்த புரிகள் மேல விழும். வெளியே முழுசாத் தெரியுற கயிறு உள்ளுக்குள்ள போயிட்டிருக்கும்.

எழுதுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உவமை தேடிக் கடற்கரைக்கும் மலைக்கும் ஓடாதீங்க. தொழில் நடக்கிற இடத்துல அரை மணி நேரம் நில்லுங்க: தறி, பட்டறை, மீன் ஏலம். அழகு, சோகம்னு குறிக்காம வினைச்சொல்லை மட்டும் குறிங்க. சுண்டுது, அப்புது, தேயுது. அந்தத் தொழில்காரர் வாயில வர்ற சொல்லாவே இருக்கட்டும். அப்புறம் எது எப்பக் கெட்டுப்போகும்னு கேளுங்க. ஈரம் எப்பப் போகும், புரி எதனால தேயும். உணர்ச்சியை அந்தக் கெடுற இடத்துல பொருத்துங்க. முக்கியமா, ஒரு பாட்டுக்கு ஒரு பொருள் போதும். கயிறும் ஏரும் ஒண்ணாப் போட்டா ரெண்டும் செத்துடும். பொருத்தின பிறகு 'என் மனம்'னு விளக்கம் எழுதியிருந்தா அந்த வரியை அடிச்சுடுங்க.

ஓலைக்கட்டு
ஒரு பொருள் போதும்னு சட்டம் போடாதீங்க முப்புரி. குறுந்தொகை 41, அணிலாடு முன்றிலார். காதலர் பக்கத்துல இருந்தா விழா நடக்கிற ஊர்போல மகிழ்வேன், பிரிஞ்சா ஆளில்லாத வீடுபோலப் பொலிவிழந்து போவேன்னு தோழிகிட்டச் சொல்றா. உவமை ரெண்டு. விழாவை எடுத்துட்டா அந்த வீடு வெறும் பாழ்வீடு. விழாக் கூட்டம் காதுல இருக்கிறதாலதான் முற்றத்துல அணில் ஓடுறது நமக்குக் கேட்குது. ஆள் நடமாடினா அணில் அப்படி இறங்கி ஆடாது. வீடு காலின்னு 'மக்கள் போகிய'ன்னே சொல்லிட்டார், ஆனா போய் ரொம்ப நாளாச்சுன்னு சொன்னது அந்த அணில்.