விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸ் மின்ட்: மொத்தமாக அழித்துப் போடுவதா, இரண்டையும் வைத்துக்கொள்வதா?

புதுவரவு:
லேப்டாப் ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்று காட்டுகிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ் போடச் சொல்கிறார்கள். வேலை: பிரவுசர், வேர்டில் தமிழ் டைப்பிங் (தமிழ்99), டேலியில் கொஞ்சம் கணக்கு, கேனான் எல்பிபி2900பி பிரிண்டர். டெர்மினல் பக்கமே போனதில்லை. விண்டோஸை அழித்துவிடலாமா?

முனையம்:
தாராளமாக. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை வேண்டும். உங்களுடையது ஒரு படி கீழே. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராமுக்குச் சின்னமன் வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) சுமார் 3 ஜிபி, 8 ஜிபி பென்டிரைவ் போதும். ரூஃபஸ் என்ற கருவியால் அதைப் பென்டிரைவில் எழுதி, லேப்டாப் ஆன் ஆகும்போது பூட் மெனுவுக்கு (எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும் பட்டியல்) போங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலேயே ஓட்டி வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் எழுகிறதா என்று பாருங்கள். சரியென்றால் டிஸ்க்கை அழித்துப் போடுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் முதல் தொந்தரவிலேயே விண்டோஸுக்கு ஓடிவிடுவார்கள்.

ஜன்னலோரம்:
முனையம் சார், கேள்வியில் டேலி என்று இருக்கிறதே, பார்த்தீர்களா? டேலிபிரைம் விண்டோஸுக்கு மட்டும்தான். வைனில் (விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டலாம் என்று யாராவது கிளம்பி வருவார்கள். திறக்கும், இரண்டு வவுச்சர் போடும், லைசென்ஸிலோ பிரிண்டிலோ மாட்டும். கணக்குப் புத்தகத்தை வைத்துச் சோதனை செய்ய முடியாது.

அடுத்தது எல்பிபி2900பி. பிரிண்டர்களின் பொது மொழிகளான போஸ்ட்ஸ்கிரிப்டும் அதற்குத் தெரியாது, பிசிஎல்லும் தெரியாது. காப்ட் என்ற கேனானின் சொந்த மொழி மட்டும்தான். மின்ட்டில் ஒயரைச் செருகினால் பட்டியலில் பெயர் வரும், பக்கம் வராது. கேனானின் லினக்ஸ் டிரைவரைப் போட்டு, அதன் பின்னணிச் சேவையைக் கையால் பதிவு செய்ய வேண்டும். எல்லாம் டெர்மினலில்.

தம்பி, அவசரம் வேண்டாம். விண்டோஸ் 10 22எச்2 பதிப்புக்கு நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு வரும். விண்டோஸ் பேக்கப்பை ஆன் செய்தால் காசு இல்லை. இல்லையென்றால் 30 டாலர். எப்படியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம்.

முனையம்:
அது தவணை, தீர்வு இல்லை. அந்தத் தேதி வந்த பிறகு இதே கேள்வியை மறுபடி கேட்பார்.

ஜன்னலோரம்:
அதற்குள் வேலைகளை ஒவ்வொன்றாக மாற்றிவிடலாமே. விண்டோஸில் இருக்கும்போதே லிப்ரே ஆஃபீஸ் போட்டு அதில் மட்டும் எழுதிப் பழகட்டும். எந்தக் கோப்பு குலைகிறது என்று இங்கேயே தெரிந்துவிடும். லதாவிலும் நிர்மலாவிலும் அடித்த ஆவணத்தை மின்ட்டில் திறந்தால் அந்த எழுத்துரு இருக்காது. வேறொன்று வந்து உட்காரும், வரி நீளும், ஒரு பக்க விண்ணப்பம் ஒன்றேகால் பக்கமாகும். பாமினியில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

திருப்புளி:
இருவரும் மெஷினைப் பார்க்கவே இல்லை. 4 ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் எந்த ஓஎஸ் போட்டாலும் தவழும். மின்ட் மெதுவாக இருக்கிறது என்று வரும் புகார்களில் பாதி டிஸ்க்கின் புகார்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி ஒன்று. கூடவே ராம் 8 ஜிபி ஆக்குங்கள். வாங்கும் முன் அடிமூடியைத் திறந்து உள்ளிருக்கும் ராமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஏழாம் தலைமுறையில் டிடிஆர்4-உம் உண்டு, டிடிஆர்3எல்-உம் உண்டு. ஒன்று மற்றதன் இடத்தில் ஏறாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அழிக்கவும் வேண்டாம், ஒரே டிஸ்க்கைப் பங்கு போடவும் வேண்டாம். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். எஸ்எஸ்டியை மாட்டி அதில் மின்ட் போடுங்கள். டிவிடி டிரைவ் இருந்தால் அதை எடுத்துவிட்டு, கேடி என்று விற்கும் சட்டத்தில் பழைய டிஸ்க்கைப் பொருத்திக்கொள்ளலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வரும், அளந்து வாங்குங்கள். யூஎஸ்பி பெட்டியில் போட்டு விண்டோஸைக் கிளப்பலாம் என்று நினைக்காதீர்கள், நீலத்திரைதான் வரும்.

மின்ட் ஏறி முடியும்வரை பழைய டிஸ்க் உள்ளே இருக்கக் கூடாது. இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், பூட்லோடரை (ஓஎஸ்ஸைக் கிளப்பும் சிறு நிரல்) முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ என்ற கிளப்பும் பகுதியில் கொண்டுபோய் எழுதிவிடும் வழக்கம் அதற்கு உண்டு. பிறகு பழைய டிஸ்க்கைக் கழற்றினால் மின்ட் எழாது.

முனையம்:
சரி, எஸ்எஸ்டி யோசனையை ஏற்கிறேன். ஆனால் டிஸ்க்கைப் பங்கு போடுவதை இவ்வளவு பூதமாக்க வேண்டுமா? ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

திருப்புளி:
தெரிந்தவர்கள் வைத்திருக்கிறார்கள். கேட்பவர் புதியவர். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் (அங்கீகாரமில்லாத நிரலைக் கிளம்பவிடாத பாதுகாப்பு) ஆனில் இருந்த பல டூயல் பூட் (இரண்டு ஓஎஸ் உள்ள) மெஷின்களில் லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. திரையில் 'ஷிம்', 'எஸ்பாட்' என்று இரண்டு வார்த்தை, உடனே ஆஃப். புதியவர் அதை வைத்து என்ன செய்வார்?

வேறு பொறிகளும் உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. மின்ட் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. கேடி வைத்தாலும் இது பொருந்தும். ஆகவே கண்ட்ரோல் பேனலில் பவர் பட்டன் அமைப்புக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆனில் இருந்தால், பயாஸைத் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்பு) தொடும் முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கலாம். அது கோளாறு இல்லை, ஒன்று உலக நேரத்தையும் மற்றது உள்ளூர் நேரத்தையும் சேமிப்பதால் வருவது.

புதுவரவு:
டிவிடி டிரைவ் இருக்கிறது. பிரிண்ட் மாதம் பத்துப் பக்கம் வந்தால் அதிகம். டேலி வாரம் ஒருமுறை. தமிழ் டைப்பிங் எப்படி?

முனையம்:
இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கீபோர்டு அமைப்பில் லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட்99 என்று இருக்கும், அதைச் சேர்க்காதீர்கள். அது விசைக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் ஓடுவது. முந்தைய எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்காது. க இரண்டு முறை அடித்தால் 'கக' என்றே நிற்கும்.

சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவியில் 'ஐபஸ் எம்17என்' (ibus-m17n) என்ற தொகுப்பைத் தேடிப் போடுங்கள். பிறகு உள்ளீட்டு முறை அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்பி வாருங்கள். அந்த லாக் அவுட்டை விட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய. ஐபஸ் விருப்பங்களில் தமிழுக்குக் கீழே தமிழ்99-ஐச் சேர்த்தால் 'க்க' தானாக வரும்.

ஒன்று பாக்கி. வைஃபை சிப் பிராட்காம் என்றால் முதலில் நெட் வராது. டிரைவர் மேனேஜரைத் திறந்து, இன்ஸ்டால் செய்த அதே பென்டிரைவைச் செருகுங்கள், அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லும். மறுபடி கிளம்பும்போது ஒரு நீலநிறத் திரை (இது கோளாறு இல்லை) சில நொடிகள்தான் நிற்கும். அதில் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். 'கன்டினியூ' அழுத்தினால் டிரைவர் இருந்தும் ஓடாது.

ஜன்னலோரம்:
வாரம் ஒரு டேலி, மாதம் பத்துப் பக்கம் என்றால் கேடி யோசனை எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் பழைய டிஸ்க் எவ்வளவு வயதானதோ! கழற்றும் முன் டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்துப் பென்டிரைவில் போடுங்கள். டேட்டா கோப்புறையையும் தனியாக நகலெடுங்கள். வழக்கமாக பப்ளிக் கோப்புறைக்குள் டேலிபிரைம், அதற்குள் டேட்டா. அந்தப் பென்டிரைவும் மின்ட் எழுதப் போகும் பென்டிரைவும் ஒன்றாக இருக்கக் கூடாது, ரூஃபஸ் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுதும்.

திருப்புளி:
கேடியில் போட்ட பிறகு பூட் மெனுவில் விண்டோஸ் பெயர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். சில பழைய பயாஸ் டிவிடி இடத்திலிருக்கும் டிஸ்க்கிலிருந்து கிளம்ப மறுக்கும்.  அப்படியானால் பயாஸை முதலில் அப்டேட் செய்து பாருங்கள்.