ஒரு ஆள் காணாமல் போனதற்காக ஒரு கட்சியா? (அமெரிக்காவின் மேசன் எதிர்ப்புக் கட்சி, 1828)

மேட்டுத்தெரு முரளி:
அமெரிக்காவில் தேசிய அளவில் நின்ற முதல் மூன்றாவது கட்சி எது தெரியுமா? 1828இல் நியூயார்க் மாநிலத்தில் முளைத்த மேசன் எதிர்ப்புக் கட்சி. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது வதந்தியை ஓட்டாக்கிய கூட்டம். 1826 செப்டம்பரில் படேவியா என்ற சிற்றூரில் வில்லியம் மார்கன் என்றொருவர் ஃப்ரீமேசன்கள் (சுருக்கமாக மேசன்கள்) என்ற சகோதரச் சங்கத்தாரின் ரகசியச் சடங்குகளைப் புத்தகமாகப் போடப்போவதாகச் சொன்னார். பிறகு ஆளைக் காணோம். பிணமும் கிடைக்கவில்லை, கொலையும் நிரூபணமாகவில்லை. ஆனால் ஊர் ஊராக மேசன்களைச் சர்ச்சிலிருந்து தள்ளிவைத்தார்கள், தேர்தலில் தோற்கடித்தார்கள். நாலு பேர் செய்ததற்கு ஒரு சங்கத்தையே தண்டிப்பதா?

வக்கீல் செல்வி:
முரளி சார், "ஆளைக் காணோம்" என்று தாண்டிப் போகாதீர்கள். முதலில், புத்தகத்தை அச்சிடவிருந்த டேவிட் மில்லரின் அச்சகத்தில் தீ வைப்பு. அடுத்து மார்கனைப் பிடித்து கானன்டைகுவாவுக்குக் கொண்டுபோய், இரவல் வாங்கிய சட்டையைத் திருப்பித் தரவில்லை என்று திருட்டு வழக்கு. அது நிற்கவில்லை. உடனே மூன்று டாலர்கூடப் பெறாத ஒரு கடனுக்காகச் சிறை. மறுநாள் ராத்திரி அந்தக் கடனைக் கட்டி வெளியே எடுத்தவர்கள், அவர் கத்தக் கத்த வண்டியில் ஏற்றினார்கள். நூறு மைலுக்கு மேல் போய் நயாகரா கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கில் அடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆளைக் காணோம்.

வழியெல்லாம் குதிரையும் வண்டியும் கிடைக்கிறது, கோட்டைக்குள் இடம் கிடைக்கிறது. இது நாலு பேர் காரியமா? அந்த மாவட்ட ஷெரீப், அதாவது காவல் அதிகாரி, எலி புரூஸே உடந்தை. 28 மாதம் உள்ளே இருந்தார். 1827 ஜனவரியில் தண்டனை பெற்ற நால்வருக்கு ஒரு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரைதான் கிடைத்தது, ஏனென்றால் அன்றைய நியூயார்க் சட்டத்தில் ஆள்கடத்தல் சில்லறைக் குற்றம். வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரிக்கு ஆள் பொறுக்கியது ஷெரீப், பல ஷெரீப்கள் மேசன்கள். கோர்ட்டில் கிடைக்காததை ஓட்டுச் சாவடியில் தேடினார்கள். வேறு எங்கே போவார்கள்?

மேட்டுத்தெரு முரளி:
ஆளுநர் டிவிட் கிளின்டனும் மேசன்தான் மேடம், அதுவும் கிராண்ட் மாஸ்டராக, அதாவது மாநில மேசன்களின் தலைவராக, இருந்தவர். துப்புக் கொடுப்பவர்களுக்குப் பரிசு அறிவித்து, பிறகு தொகையைக் கூட்டியதும் அவர்தான். மாநிலச் சட்டமன்றம் தனி வழக்கறிஞரையும் போட்டது. அரசு தூங்கவில்லை.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்தவர் தர்லோ வீட். மேசன் எதிர்ப்பு அரசியலை வளர்த்த ராச்செஸ்டர் பத்திரிகைக்காரர். 1827 அக்டோபரில் ஒண்டாரியோ ஏரிக்கரையில் ஒரு பிணம் ஒதுங்கியது. மார்கன்தான் என்று ஒரு விசாரணையில் முடிவு கட்டினார்கள். அப்புறம் கனடாவிலிருந்து ஒரு பெண் வந்து, அது தன் கணவர் டிமோதி மன்ரோ என்று அடையாளம் காட்டினார். வீட் என்ன சொன்னாராம்? தேர்தல் முடியும்வரை இந்த மார்கன் போதும் என்று!

வக்கீல் செல்வி:
"சொன்னாராம்" என்று நீங்களே போட்டுவிட்டீர்கள், நன்றி. எதிரிப் பத்திரிகைகள் பரப்பியது அது. தன் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்று வீட் கடைசிவரை சொன்னார். நான் பேசுவது சாட்சியத்தைப் பற்றி. 1828 பிப்ரவரியில் லீ ராய் ஊரில், சங்கத்தை விட்டு விலகிய மேசன்களே கூடி, மார்கன் புத்தகத்தில் உள்ள சடங்குகளும் உறுதிமொழிகளும் உண்மைதான் என்று அறிவித்தார்கள். ரகசியத்தை வெளியிட்டால் கழுத்தறுபடச் சம்மதம் என்ற உறுதிமொழியும் அதில் உண்டு. அதை எடுத்தவர் என் வழக்கில் ஜூரியாக உட்கார்ந்தால் நான் ஆட்சேபிப்பேன். நீங்கள் மாட்டீர்களா?

அண்ணாச்சி:
ரெண்டு பேரும் 1826லேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் நகருங்கள். எனக்குப் பிடித்தது 1832 அதிபர் தேர்தல். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனும் மேசன், எதிர்த்து நின்ற ஹென்றி கிளேயும் மேசன். ஒருவர் டென்னசியில் கிராண்ட் மாஸ்டர், மற்றவர் கென்டக்கியில். இவர்களுக்கு மாற்றாக மேசன் எதிர்ப்புக் கட்சி தேடிப் பிடித்தது யாரை? 12 வருஷம் அட்டர்னி ஜெனரலாக இருந்த வில்லியம் வர்ட்டை. அவரும் இளமையில் மேசனாகச் சேர்ந்தவர்! அந்தச் சங்கத்தில் தான் தப்பு எதுவும் கண்டதில்லை, மார்கன் வழக்கின் விவரம் தெரிந்த பிறகே மனம் மாறியது என்று மாநாட்டுக்கே எழுதிக் கொடுத்தார். தேர்வாளர் ஓட்டில் ஜாக்சனுக்கு 219, கிளேக்கு 49, வர்ட்டுக்கு வெர்மான்ட் மாநிலத்தின் 7. அவ்வளவுதான் கதை.

வக்கீல் செல்வி:
அவ்வளவுதான் இல்லை அண்ணாச்சி. வர்ட்டைத் தேர்ந்தெடுத்த இடம் எது? 1831 செப்டம்பர், பால்டிமோர். மாநிலங்களிலிருந்து பிரதிநிதிகளை வரவழைத்து, மாநாடு கூட்டி அதிபர் வேட்பாளரை நிறுத்தியது அமெரிக்காவில் அதுதான் முதல்முறை. 1824 வரை காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி ஆளை நிறுத்திவந்தார்கள். இவர்களுக்கு அடுத்தே கிளே கட்சியும் ஜாக்சன் கட்சியும் அதே ஊரில் மாநாடு போட்டன. ஒளிவுமறைவை எதிர்த்துக் கிளம்பியவர்கள் வேட்பாளர் தேர்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது தற்செயல் இல்லை. அதே 1831இல் ஹார்வர்டின் ஃபை பீட்டா கப்பா என்ற மாணவர் சங்கமும் ரகசியத்தைக் கைவிட்டது.

மேட்டுத்தெரு முரளி:
மாநாடு நல்ல விஷயம், மறுக்கவில்லை. அதிகாரம் கைக்கு வந்ததும் என்ன செய்தார்கள்? பென்சில்வேனியாவில் 1835இல் ஜோசப் ரிட்னர் ஆளுநரானார். உடனே அதே கட்சியின் தாடியஸ் ஸ்டீவன்ஸ் சட்டமன்றத்தில் விசாரணைக் குழு வைத்து மேசன்களைக் கூண்டில் ஏற்றப் பார்த்தார். பதவி இழந்த ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃபுக்கும் சம்மன். அவரும் மற்றவர்களும் வாய் திறக்க மறுத்தார்கள், விசாரணை புஸ்ஸென்று போனது. இந்த வுல்ஃப் யார்? 1834இல் இலவசப் பள்ளிச் சட்டத்தில் கையெழுத்திட்டவர்.

வக்கீல் செல்வி:
அந்தச் சட்டத்தை ரத்து செய்யப் பார்த்தபோது, 1835 ஏப்ரலில் சட்டமன்றத்தில் பேசிக் காப்பாற்றியவர் யார்? அதே ஸ்டீவன்ஸ். மேசன் ஆளுநர் போட்ட சட்டத்தைக் காப்பாற்ற அவருக்கு வெறி எதுவும் குறுக்கே வரவில்லை. விசாரணைக் குழு அத்துமீறல் என்றால் ஒத்துக்கொள்வேன், கட்சியே வெறி என்றால் மாட்டேன்.

மேட்டுத்தெரு முரளி:
அப்படியானால் மில்லார்ட் ஃபில்மோரையும் கணக்கில் சேருங்கள். 1828இல் மேசன் எதிர்ப்பாளராக நியூயார்க் சட்டமன்றத்துக்குப் போனவர். 1856இல் அதிபர் தேர்தலுக்கு நின்றது எந்தக் கட்சியில்? 'நோ நத்திங்' என்று பெயர் வாங்கிய அமெரிக்கன் கட்சியில். கத்தோலிக்கர்களையும் குடியேறிகளையும் எதிர்த்து, சத்தியப் பிரமாணத்தோடு ரகசியச் சங்கமாகத் தொடங்கிய கட்சி. ரகசியம் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை மேடம். யாருடைய ரகசியம் என்பதுதான்.

வக்கீல் செல்வி:
ஃபில்மோரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதே கட்சியில் வளர்ந்த வில்லியம் சீவர்ட் நியூயார்க் ஆளுநரானபோது கத்தோலிக்கப் பிள்ளைகளின் பள்ளிக்கு அரசுப் பணம் கேட்டவர். நோ நத்திங்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ரிட்னர் ஆட்சியைப் பற்றி இன்னும் இருக்கிறது, சாயங்காலம் எழுதுகிறேன். இப்போது கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

அண்ணாச்சி:
கட்சிக்காரர் மேசனா என்று கேட்டுவிட்டு வாங்க மேடம்.