ஊர் பேரு வோல்கோகிராத், ஆனா ஊருக்கு ரஷ்யன்ல கோரோத்... ஏன் இப்படி?

வோல்கா_கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க வோல்கோகிராத்ல எம்பிபிஎஸ் ரெண்டாவது வருஷம் (நம்மூர் பேப்பர்ல வோல்கோகிராட்னு போடுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான்). கொஞ்ச நாளா ஒரு விஷயம் மண்டைய குடையுது. நகரத்துக்கு ரஷ்யன்ல கோரோத்னுதான் சொல்றாங்க, பஸ்ல, கடையில, எங்க கேட்டாலும் அதான். ஆனா ஊர் பேருல மட்டும் கிராத் வருது, லெனின்கிராத், ஸ்டாலின்கிராத்னு. சரி, பேருன்னா அப்படித்தான் போலன்னு பாத்தா நோவ்கோரோத்னும் ஒரு ஊர் இருக்கு. தலையும் இதே கதை, எழுதுறது கோலோவா, வாயில வர்றது கலவா, அனாடமி கிளாஸ்ல தினமும் கேக்குறேன், ஆனா அதே புக்ல சாப்டருக்கு கிளவான்னு போட்டிருக்கு. மேடம்கிட்ட கேட்டா மனப்பாடம் பண்ணிக்கோன்னுட்டாங்க. யாருக்காவது தெரியுமா?

சொல்தேடி:
தம்பியோ தங்கச்சியோ, நல்ல இடத்துல கைய வெச்சிருக்கீங்க. கோரோத்தும் கிராத்தும் ஒரே சொல்தான், கோலோவாவும் கிளவாவும் அப்படியே.

பழைய ஸ்லாவ் மொழியில (ரஷ்யன், செர்பியன், போலிஷ், செக் எல்லாத்துக்கும் தாய் மொழி) அது "கோர்த்" மாதிரி இருந்தது. ஒரு கட்டத்துல ர், ல் ரெண்டும் இப்படி நடுவுல மெய்யா நிக்கிறது அவங்க வாய்க்கு ஒத்துவரல, ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு வழி கண்டுபிடிச்சுது. ரஷ்யா பக்கம் ர்-க்கு அப்புறம் இன்னொரு ஓ போட்டுக்கிட்டாங்க, கோரோத். நாம சூர்யன சூரியன்னும் கார்யத்த காரியம்னும் ஆக்கினோமே, அதே வேலைதான். தெற்கே பல்கேரியா, செர்பியா பக்கம் ர்-ஐ தூக்கி முன்னாடி போட்டு உயிர நீட்டிட்டாங்க, கிராத். பெல்கிரேட அவங்க பெயோகிராத்ம்பாங்க, வெள்ளை நகரம்னு அர்த்தம். செக்ல ஹ்ராத், போலந்துல க்ரூத். இப்படி எழுத்து இடம் மாறுறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல, தசை சதை ஆனத எழுத்து நிலைமாற்றம்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க.

அப்ப ரஷ்யாவுக்குள்ள தெற்கத்தி உச்சரிப்பு எப்படி வந்ததுன்னா, சர்ச் வழியா. 863 வாக்குல சிரில், மெத்தோடியஸ்னு ரெண்டு சகோதரர்கள் மொராவியாவுக்கு மதம் பரப்பப் போனாங்க, சொந்த ஊர் தெசலோனிக்கி, அந்தப் பக்கத்து ஸ்லாவ் பேச்சுலதான் வேதத்த மொழிபெயர்த்தாங்க. அதுவே ரஷ்யாவுக்கும் வேத மொழி ஆயிடுச்சு. அதனால வீட்டுப் பேச்சுக்கு ஒரு வடிவம், கம்பீரத்துக்கு ஒரு வடிவம். பால் மோலோகோ, ஆனா பால்வெளி மண்டலம் ம்லேச்னி பூத். பக்கம்னா ஸ்தோரோனா, நாடுன்னா ஸ்த்ரனா. உங்க கிளவாவும் இந்த கோஷ்டிதான். நோவ்கோரோத் ரொம்பப் பழைய ஊர், ஜனங்க வெச்ச பேரு, புது ஊர்னு அர்த்தம். பீட்டர்ஸ்பர்க்ல "பர்க்" ஜெர்மன் வாடை அடிக்குதுன்னு 1914ல பெத்ரோகிராத் ஆக்கினாங்க, 1924ல லெனின்கிராத். உங்க ஊரு சாரிட்சினா இருந்து 1925ல ஸ்டாலின்கிராத், 1961ல வோல்கோகிராத். சாமியே வேணாம்னு சர்ச்ச இழுத்து மூடின ஆட்சி, ஊருக்குப் பேரு வைக்க மட்டும் சர்ச் மொழிய விடல, எனக்கு நினைச்சாலே சிரிப்பு வரும்.

கொற்கை_மணி:
இவ்ளோ சுத்தணுமா? கோட்டை > கோட்ட > கோரோத். தமிழ்லேர்ந்து போனதுதான் சார், கோட்டைய சுத்தித்தானே நகரம் வரும்.

சொல்தேடி:
மணி சார், கோவிச்சுக்காதீங்க, கோட்டையில ர் எங்க இருக்கு? காதுக்கு ஒத்துப்போனா போதும்னா எதையும் எதோடயும் முடிச்சு போட்டுறலாம். பாக்க வேண்டியது ஒரு சொல்ல இல்ல, ஒரே மாற்றம் வரிசையா எத்தன சொல்லுல வருதுன்னு. லித்துவேனியன்ல கார்தாஸ்னா ஆடு மாடு அடைக்கிற பட்டி, கோத்திக்ல (ஜெர்மன், இங்கிலீஷுக்குச் சொந்தமான ஒரு பழைய மொழி) கார்ட்ஸ்னா வீடு, இங்கிலீஷ்ல யார்டு. எல்லாத்துலயும் ர் மெய்யா அப்படியே நிக்குது பாருங்க. சமஸ்கிருத கிருஹமும் இந்தக் குடும்பம்தான், அதாவது நம்ம கிரகப்பிரவேசம் (பத்திரிகையில கிரகம்னு அடிச்சு எல்லாரும் செவ்வாய்க்கு குடிபோறாங்க, சரியா சொன்னா கிருகம்). வேலி போட்டு அடைச்ச இடம்கிறதுதான் மூல அர்த்தம். தாடி எடுங்க, ரஷ்யன் போரோதா, செர்பியன் ப்ராதா, லித்துவேனியன் பார்ஸ்தா, இங்கிலீஷ் பியர்டு. அச்சுல வார்த்த மாதிரி இருக்கா?

பழங்கடுதாசி:
இது எப்ப நடந்துச்சுன்னும் ஓரளவு சொல்லலாம், அதான் எனக்குப் பிடிச்ச பகுதி. ராஜாவுக்கு ரஷ்யன்ல கோரோல், செர்பியன்ல க்ரால், போலிஷ்ல க்ரூல். மூணும் கார்ல்ங்கிற பேருலேர்ந்து வந்தது, 814ல செத்த ஃப்ராங்க் பேரரசர் ஷார்லமேன்தான் அந்த கார்ல். அந்த ஆளு பேரே மூணு வழியா பிரிஞ்சிருக்குன்னா 800 வாக்குல இந்த மாற்றம் இன்னும் ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொண்ணு, முழுசுங்கிறதுக்கு ரஷ்யன்ல ட்செலி. கோத்திக்ல ஹைல்ஸ், பழைய ப்ரஷ்யன்ல (லித்துவேனியனுக்குச் சொந்தம், இப்ப செத்துப்போன மொழி) கைல்ஸ், அதனால ஸ்லாவ்லயும் ஆதியில ககரம்தான் இருந்திருக்கணும்னு மொழிகள ஒப்பிட்டுப் பாக்குறவங்க கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க. ககரத்தோட எழுதின ஸ்லாவ் சொல்ல யாரும் பாத்ததில்ல. நோவ்கோரோத்ல 1951லேர்ந்து சேத்துக்குள்ள மரப்பட்டைக் கடிதங்க ஆயிரத்துக்கு மேல கிடைச்சிருக்கு, அதுல 247ஆம் நம்பர், 11ஆம் நூற்றாண்டு. பூட்டு "கேலெ", கதவு "கேலெ"ன்னு வருது. ஏதோ மடத்து அறையோட பூட்டுன்னு முதல்ல படிச்சாங்க. ஜலிஸ்னியாக்னு மொழியியலாளர், அது ட்செலிதான், பூட்டும் கதவும் முழுசா இருக்குன்னு அர்த்தம்னார். ககரம் ட்ச ஆன மாற்றம் அந்த ஊர எட்டவே இல்ல. கணக்குல இருந்த சொல்ல ஒருத்தன் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கான்.

கொற்கை_மணி:
சரி சரி, கோட்டைய வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தப் பட்டை எந்த மரம்?

வோல்கா_கரை:
பெர்யோஸா தானே? இங்க ஹாஸ்டல் வாசல்லயே வெள்ளையா நிக்குது. அண்ணா, அதுவும் இதே கணக்குல வருமா?

சொல்தேடி:
வருதே. ரஷ்யன் பெர்யோஸா, செர்பியன் ப்ரேஸா, லித்துவேனியன் பெர்ஷாஸ், இங்கிலீஷ் பிர்ச், சமஸ்கிருதம் பூர்ஜ. காஷ்மீர்ல அந்தப் பட்டையிலதான் சுவடி எழுதினாங்க, பூர்ஜ பத்திரம்னு கேள்விப்பட்டிருப்பீங்க.

வோல்கா_கரை:
ஐயோ, நாளைக்கு பயோகெமிஸ்ட்ரி டெஸ்ட், நான் இங்க மரத்த பாத்துட்டு நிக்கிறேன் 😅