யார், எங்கே வந்தாலே கேள்விக்குறியா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு ஆசிரியை:
நான்காம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நிறுத்தக்குறிப் பாடத்தில் பல வருடம் ஒரே தவறைச் செய்திருக்கிறேன். "யார், எது, எங்கே, ஏன் வந்தால் கேள்விக்குறி போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பிள்ளைகளும் பரீட்சையில் சரியாகப் போட்டுவிடுவார்கள். அங்கே வருவதும் அந்த மாதிரி வாக்கியங்கள்தானே.

போன வருடம் ஒரு பையன் சொந்தமாக எழுதிய கட்டுரையில், "எங்கள் ஆடு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை?" என்று இருந்தது. சிவப்பு மையால் சுழிக்கப் போனேன். "டீச்சர், எங்கேவும் இருக்குது, யாருக்கும்னும் இருக்குது. நீங்கதானே சொன்னீங்க" என்றான். அவன் என் பேச்சைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறான். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

சரி என்று வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். "ஆடு எங்கே போனது" என்று சொன்னால் பதிலுக்குக் காத்திருப்பாயா? "ஆமாங்க டீச்சர்." எங்கே போனது என்று தெரியவில்லை என்றால்? கொஞ்சம் யோசித்தான். "இல்லைங்க டீச்சர், இதுல நான் சேதி சொல்றேன்." நான் எதுவும் சொல்லவில்லை. அவனே ரப்பரை எடுத்து வளைவை மட்டும் அழித்தான். கீழே இருந்த புள்ளியை அப்படியே விட்டுவிட்டான்.

அப்புறம் ஒருநாள் பலகையில் குறி போடாமல் "அப்பா வந்துவிட்டார்" என்று எழுதினேன். மூன்று சீட்டில் மூன்று குறி. எடுத்தவர் அந்தக் குறிக்கு ஏற்றபடி படிக்க வேண்டும், மற்றவர்கள் எந்தக் குறி என்று சொல்ல வேண்டும். வியப்புக்குறி வந்த சிறுமியின் அப்பா திருப்பூரில் தங்கி வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறைதான் வருவார். அவள் படித்து முடிப்பதற்குள் கடைசி வரிசை வரைக்கும் "வியப்புக்குறி!" என்று கத்திவிட்டார்கள்.

கனடாவில் ஒரு அம்மா:
வணக்கம் ரீச்சர். எங்கள் வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. மகளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், சனிக்கிழமை தமிழ் வகுப்பு. ஆங்கிலத்தில் கேள்வி என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். தமிழில் "மாமா நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாரா" என்றால் கடைசி எழுத்து வரும் வரைக்கும் பொறுத்திருக்க வேணும். பிள்ளை அதற்கு முதலே புள்ளி வைத்துவிடுவாள். இப்ப கடைசிச் சொல்லில் விரலை வைத்து வாசிக்கச் சொல்கிறேன். வந்தார், வந்தாரா. அந்த அரவு (நீங்கள் துணைக்கால் என்பீர்கள்) விரலுக்கு அடியில் அகப்பட்டால் கேள்விக்குறி. இரண்டு கிழமையிலேயே நல்ல மாற்றம்.

ஈரோடு ஆசிரியை:
விரல் வைப்பது அருமையான யோசனை, நாளைக்கே செய்து பார்க்கிறேன். ஓலைச்சுவடிகளில் வினாக்குறியே கிடையாது, அச்சு வந்த பிறகுதான் அது நமக்குப் பழக்கமானது. அதற்கு முன்னால் கேள்வி சொல்லுக்குள்ளேதான் இருந்தது. நன்னூலும் வினா எழுத்துகளை இடம் சொல்லித்தான் காட்டுகிறது: சொல்லின் முதலில் எ, யா, கடைசியில் ஆ, ஓ, இரண்டு இடத்திலும் ஏ. உங்கள் மகளின் விரல் தேடுவது அந்தக் கடைசி ஆவைத்தான்.

இன்னொன்று. "எவ்வளவு பெரிய மீன்" என்று குறி இல்லாமல் கொடுத்தேன். பாதிப் பேர் வினாக்குறி, பாதிப் பேர் வியப்புக்குறி. ஒவ்வொருவரையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன். உங்கள் மகள் என்ன போடுகிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.