அப்பாவுக்கு இரண்டாம் கட்டக் கீமோதெரபி தேவைதானா?

கேள்வி:
என் தந்தைக்கு வயது 74. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது. கீமோதெரபி முடிந்த சில மாதங்களிலேயே கட்டி மீண்டும் வளர்ந்திருப்பதாக ஸ்கேன் காட்டுகிறது. வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். சென்ற முறை வாய்ப்புண்ணால் தண்ணீர் விழுங்கவே தவித்தார். விரல்கள் மரத்துப்போனதால் சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கடைசிவரை போராட வேண்டும் என்கிறார் அண்ணன். வேண்டாம் என்றால் அப்பாவைக் கைவிட்டதாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1:
சகோதரி, இந்த மருந்து நோயைக் குணப்படுத்தவா, வளர்ச்சியைத் தள்ளிப்போடவா, தொல்லைகளைக் குறைக்கவா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். தள்ளிப்போடத்தான் என்றால், கூடுதலாகக் கிடைக்கும் காலத்தில் எவ்வளவு மருத்துவமனையிலேயே கழியும் என்பதையும் கேட்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையில் இருப்பவர்களுக்குக் கீமோதெரபியால் நன்மையைவிடத் துன்பமே மிகுதியாகலாம். கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்கள் உள்ளனவா என்று பார்த்துவிட்டார்களா? இருந்தால், பலரால் எளிதாகத் தாங்க முடிகிற மாத்திரைகள் உண்டு.

பதில் 2:
கைவிடுவதாகிவிடுமோ என்ற அச்சத்திற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் பல குடும்பங்களை அலைக்கழிப்பது அதுதான். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலிருந்தே வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. இறுதிக்கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளைப் பெற்றவர்கள் குறைவாக இருந்தும், அந்தக் குழுவினரின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப்பேர் கடந்து வாழ்ந்த காலம், 11.6 மாதங்களாக இருந்தது. மற்றவர்களுக்கு அது 8.9 மாதங்கள். எனவே, கீமோதெரபி தொடர்ந்தாலும் தொடராவிட்டாலும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை மருத்துவரை இப்போதே பாருங்கள். எலும்பு வலிக்கு ஒரே முறை அளிக்கும் கதிர்வீச்சே பலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது.

பதில் 3:
உங்கள் கேள்வியில் அண்ணன் பேசுகிறார், மருத்துவர் பேசுகிறார். அப்பா என்ன சொன்னார் என்பது இல்லை. எதைச் செய்ய முடிந்தால் அவருக்கு நாள் நல்ல நாளாக இருக்கும், எதைத் தாங்கவே முடியாது என்று அவரிடமே கேளுங்கள். போராடலாம் என்று அவரே சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். அப்போது, ஓரிரு சுற்றுகள் கொடுத்து, ஸ்கேனில் பலன் தெரியாவிட்டாலோ உடல் தாங்காவிட்டாலோ நிறுத்திவிடலாம் என்று மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மரபணுப் பரிசோதனை அறிக்கை எதுவும் கோப்பில் இல்லை. அடுத்த சந்திப்பில் முதலில் அதைக் கேட்கிறேன். அதற்குமுன் அப்பாவிடம் பேசும்போது அண்ணனையும் உடன் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.